அணியத்தில் ஓர் ஆள்

ஜூலை 2, புதன்

என் மனைவி சுலோச்சனா இன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். புதன்கிழமை அவளுக்குத் தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியராக முப்பது வருஷம் ஓட்டிவிட்டாள். ஏரிக்கு நடுவில் இருக்கும் நண்டுத்திட்டுக்குப் போய்வருவதுதான் அதில் பாதி வேலை. இத்தனை வருஷத்தில் இடுப்பு வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"படகு குதிக்குதுங்க" என்றாள்.

போன மாதம் அந்தப் படகுக்குப் புது இன்ஜின் வந்தது. பழையதைப் போல மூன்று மடங்கு சக்தி. மெதுவாகப் போனால் ஒன்றும் இல்லையாம். முழு வேகம் வைத்ததும் மூக்கு எழும்புகிறது, தொப்பென்று விழுகிறது, மறுபடி எழும்புகிறது. அலையே இல்லாத தண்ணீரிலும் இதே கூத்து.

"எத்திராஜ் சொல்றாரு, படகுக்கு விக்கல் எடுத்திருக்காம்." சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்தபடியே சிரித்தாள்.

எத்திராஜ்தான் படகு ஓட்டுகிறவர். சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தப் பெயர் ஐந்தாறு முறை வந்துவிட்டது. ரசம் எப்படி இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. ரசம் நான் வைத்தது.

"படகில் யார் எங்கே உட்காருகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"நான் பின்னால, எத்திராஜ் பக்கத்துல. தடுப்பூசிப் பெட்டியும் பின்னாலதான், முன்னால வச்சா தண்ணி அடிக்கும். பெட்ரோல் கேனும் அங்கதான்."

விஷயம் எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. இதைவிட எளிய பாடத்தை நான் எட்டாம் வகுப்பில்கூட நடத்தியதில்லை. சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை அரிசியை வைத்தால் முன்சக்கரம் தூக்கும். படகும் அதுதான். வேகத்தில் அது தன் பின்பாதியின் மேல் ஏறி ஓடுகிறது. எடையெல்லாம் பின்னால் இருந்தால் மூக்கு அளவுக்கு மேல் எழும்பும், நிற்க முடியாமல் விழும், விழுந்த வேகத்தில் மறுபடி எழும்பும். கடைசி பெஞ்சில் தூங்கி விழுகிற பையனின் தலையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

"நீ முன்னால் போய் உட்காரு. குதிப்பது நின்றுவிடும்" என்றேன்.

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"முன்னாலயா?"

"ஆமாம். அணியத்தில்." படகின் முன்பக்கத்தை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

"எத்திராஜ்கிட்டருந்து எவ்வளவு தூரம் தள்ளி உட்காரணும்னு அளவு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

நான் படகைப் பற்றித்தான் சொன்னேன் என்றேன். "போன மாசம் அவரு என்னை வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டப்பவும் நீங்க வெயிலைப் பத்தித்தான் கேட்டீங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

நான் பொறாமைக்காரன் அல்ல. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

ரேஷன் கடை. துவரம்பருப்பு உண்டு, பாமாயில் இல்லை.

ஜூலை 5, சனி

சனிக்கிழமை கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். சுலோச்சனா தண்ணீர் பாட்டிலை மறந்து போய்விட்டாள். எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். பாட்டிலை நான்தான் மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

எத்திராஜை இவ்வளவு பக்கத்தில் பார்த்தது இன்றுதான். ஐம்பது இருக்கும். மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது. பற்கள் எல்லாம் அவருடையவையே.

"வா வாத்தியாரே! போட்ல ஏறி ஒரு ரவுண்டு வரியா?"

"எனக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது."

"அவரு கரையிலயே நீச்சல் கத்துக் குடுப்பாரு" என்றாள் சுலோச்சனா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இன்ஜினைக் கவனித்தேன். அது சாய்ந்து நிற்கும் கோணத்தை மாற்ற வரிசையாக ஓட்டைகளும் ஒரு கம்பியும் இருக்கின்றன. கம்பியைக் கடைசி ஓட்டையில் செருகியிருக்கிறார். இன்ஜினின் அடிப்பகுதி படகைவிட்டு வெளியே தள்ளி நிற்கிறது. அதுவும் மூக்கைத் தூக்கும். கேட்டதற்கு, "மூக்கு தூக்கினாத்தான் வாத்தியாரே வேகம்! ராக்கெட்டு பாத்ததில்ல?" என்றார். ராக்கெட் தண்ணீரில் போகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கயிற்றை இழுத்துவிட்டார்.

துறையிலேயே நின்று பார்த்தேன். இரண்டு தலைகள் பின்னால், அருகருகே. வலைக்கம்புகளைத் தாண்டியதும் வேகம் பிடித்தது. பிடித்ததும் குதிக்க ஆரம்பித்தது.

குதிப்பதற்குச் சற்று முன்னால் அந்த இரண்டு தலைகளும் இடம் மாறின. வலது பக்கம் இருந்தவர் இடது பக்கம் போனார், இடது பக்கம் இருந்தவள் வலது பக்கம் வந்தாள். ஓடுகிற படகில் இரண்டு பேர் எதற்காக இடம் மாற வேண்டும்?

பாட்டிலைக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

துணி துவைத்தேன். அவளுடைய முந்தானையில் பெட்ரோல் வாசனை. இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை.

மாலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இடது உள்ளங்கையில் கொப்புளம். சுலோச்சனா வலது கைக்காரி. ஊசி போடுவது, எழுதுவது, என்னைப் பார்த்து விரல் நீட்டுவது எல்லாம் வலது கைதான்.

"கையில் என்ன?"

"கயிறு இழுத்தேன்." கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "ஏங்க, சைக்கிள்ல ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினா இடது பக்கம் போகுது. எல்லா வண்டியும் அப்படித்தானா?"

நல்ல கேள்வி. எனக்கு மகிழ்ச்சியாகிவிட்டது. கதவுக்கு இருக்கும் கீலில் தொடங்கி, தராசுக்கு வந்து, மாட்டுவண்டியின் நுகத்தடியை விளக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கீரைத்தட்டு மடியில் இருக்க, சுவரில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தாள். மீதிக் கீரையை நான் ஆய்ந்து வைத்தேன்.

ஜூலை 9, புதன்

இன்று அவள் சிரிக்கவில்லை.

நண்டுத்திட்டில் மேகலா என்று ஒரு பெண். தலைப்பிரசவம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. வலி எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது, முன்னதாகவே கரைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். மாமியார் பாப்பம்மா விட மாட்டேன் என்கிறாள். போன வாரம் இந்தப் படகில் சந்தைக்கு வந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டாளாம்.

"‘என் நாக்கே துண்டாப் போயிருக்கும், வவுத்துப் புள்ளக்காரிய இதுல ஏத்துவனா? ஊட்லயே பெத்துக்கட்டும்’ங்கிறா. நான் என்னத்தச் சொல்றது? ஏத்திட்டு வந்து நடுவழியில ஏதாவது ஆச்சுன்னா?"

மெதுவாக ஓட்டி வரலாமே என்றேன். மெதுவாக வந்தால் நேரம் இரட்டிப்பாகிறது, வெயில் ஏறியதும் காற்று எழும்பி மெதுவாகப் போகிற படகைப் புரட்டுகிறது என்றாள். திட்டில் உள்ள வலைப்படகுகள் விடியுமுன் ஏரியின் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய்விடுகின்றன. மேகலாவின் புருஷனும் அதில்தான் போகிறான்.

"ஏங்க, உங்களுக்கு இதெல்லாம் தெரியும். ஏதாவது வழி சொல்லுங்க. முன்னால உட்காருன்னு மட்டும் சொல்லாதீங்க."

இன்ஜின் கம்பியை இரண்டு ஓட்டை உள்ளே தள்ளிச் செருகச் சொன்னேன். அடிப்பகுதி படகோடு ஒட்டி வந்தால் மூக்கு இறங்கும் என்றேன். கை முஷ்டியை இன்ஜினாகவும் முறத்தைப் படகாகவும் வைத்துக் காட்டினேன். இந்த முறை தூங்காமல் பார்த்தாள்.

அணியத்தைப் பற்றி நான் பேசவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஓய்வூதிய நேர்காணல். நான் உயிரோடு இருப்பதை ஒப்புக்கொண்டார்கள்.

ஜூலை 12, சனி

கம்பியை மாற்றியதில் பாதி குணம். முக்கால் வேகம்வரை படகு ஒழுங்காகப் போகிறதாம். அதற்கு மேல் பழைய விக்கல்.

எத்திராஜ் எனக்கு நண்டு கொடுத்தனுப்பியிருக்கிறார். "வாத்தியாருக்கு மூளை மூளைன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு" என்றாள். அவர் என்னைப் புகழ்ந்ததைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமை யாரைப் பற்றியது என்று எனக்குத் தெரியவில்லை.

மிளகு தூக்கலாகப் போட்டு வைத்தாள். நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல்.

ஜூலை 13, ஞாயிறு

பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்தது.

எடை முன்னால் போனால் படகு குதிக்காது. இது எனக்குத் தெரியும். அதை ஒரு முறை சொன்னேன், அவள் மறுத்தாள். புரியாத பிள்ளைக்கு இரண்டாம் முறை சொல்வதில் முப்பத்து நாலு வருஷம் நான் சலித்ததே இல்லை. இவளிடம் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

விடை சரியாக இருப்பதுதான் சங்கடம். படகுக்கு எது நல்லதோ அதுவேதான் என் மனசுக்கும் வேண்டும். படகுக்காகச் சொன்னாலும் அவளுக்கு என் மனசு பேசுவதாகத்தான் கேட்கும். இன்னொன்றும் இருக்கிறது. நான் சொல்வது சரி என்று தெரிந்த பிறகும் அவள் பின்பலகையை விட்டு நகரவில்லை என்றால், நான் தெரிந்துகொள்ள விரும்பாத ஒன்று எனக்குத் தெரிந்துவிடும்.

மேகலாவின் அழுத்தம் நேற்று இன்னும் ஏறியிருக்கிறதாம்.

ஜூலை 14, திங்கள்

மூட்டை! இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை? யாரும் நகர வேண்டாம். இரண்டு மணல்மூட்டைகளை அணியத்தில் வைத்தால் போதும். மதியம் நானே படகுத்துறைக்குப் போய் எத்திராஜிடம் சொன்னேன். உடனே இரண்டு உரச்சாக்கு கொண்டுவந்தார். மணலை நான் அள்ள, அவர் சாக்கைப் பிடித்தார்.

"உன் பொண்டாட்டி ரொம்ப தைரியசாலி வாத்தியாரே" என்றார் நடுவில்.

எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்கவில்லை. சாக்கை இறுக்கிக் கட்டினேன்.

ஜூலை 16, புதன்

முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றாள் சுலோச்சனா.

ஏரியில் படகு குதிக்கவே இல்லையாம். என் கணக்கு சரி. ஆனால் திட்டில் துறை என்று எதுவும் கிடையாது. படகின் மூக்கைச் சேற்றுக்கரையில் ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். ஏறுவதற்கு மூக்கு லேசாக இருக்க வேண்டும். மூட்டைகளின் கனத்தில் மூக்கு சேற்றுக்குள் குத்திக்கொண்டது. எத்திராஜ் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தள்ளியிருக்கிறார். மூட்டைகளை ஏரியிலேயே தள்ளிவிட்டு வந்திருக்கிறார்கள்.

"கரை வந்ததும் எழுந்து பின்னால போறதுக்கு மூட்டைக்குக் காலா இருக்கு?" என்றாள். பாதம் கழுவும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எத்திராஜ் சேற்றில் செருப்பைத் தேடிய கதையைச் சொன்னாள். நீளமான கதை.

கால் உள்ள எடை வேண்டும். ஓட்டுகிறவர் எழ முடியாது. மிச்சம் அவள் ஒருத்திதான்.

அவள் ஒருத்திதான் என்று எழுதிவிட்டு அதை மறுபடி படித்துப் பார்த்தேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது ஒரு துண்டுத்தாளில் தொடங்கி, வீட்டில் வந்து முடிக்கிறேன்.

காலையில் இட்லிக்கு மாவு ஊற்றும்போது மேகலாவின் நாத்தனார் போனில் அழுதாள். மேகலாவுக்குத் தலை பிளக்கிற வலி, கண் மங்குகிறது. சுலோச்சனாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். "வந்துட்டே இருக்கேன், உங்கம்மாகிட்ட போனைக் குடு" என்றாள். பாப்பம்மா கத்தியது எனக்கே கேட்டது: "போட்டு குதிச்சா பாதியில நிறுத்தச் சொல்லி நான் ஏரியில எறங்கிடுவேன்!"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் போனேன்.

"நீங்க எங்க?"

"அணியத்தில் உட்கார ஆள் வேண்டும். எழுபத்தெட்டு கிலோ, கால் இருக்கிறது."

"உங்களுக்குத் தண்ணி பயமாச்சே."

"ஆமாம்" என்றேன். அதற்கு மேல் சொன்னால் வராமல் போய்விடுவேன் என்று தோன்றியது.

எத்திராஜ் என்னை அணியத்துப் பலகையில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "முன்னாலயே பாரு வாத்தியாரே, மயக்கம் வராது." எனக்கு முன்னால் ஏரி மட்டும்தான் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால்.

வலைக்கம்புகளைத் தாண்டினோம். வேகம் ஏறியது. மூக்கு கொஞ்சம் எழுந்தது, பிறகு பலகையில் வைத்த தட்டுபோல நின்றுவிட்டது. தண்ணீர் இரண்டு பக்கமும் கிழிந்து போனது. குதிக்கவில்லை. வகுப்பில் ஒரு பையன் முதல் முறையாகக் கணக்கைச் சரியாகப் போட்டால் வருகிற சந்தோஷம் வந்தது.

அப்போது பின்னால் ஆட்கள் நகரும் சத்தம். பலகை கிரீச்சிட்டது. எத்திராஜ் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். "தெரியும், விடுங்க" என்றாள் சுலோச்சனா. அந்தக் குரலை வீட்டில் நான் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது.

எழுந்துவிட்டேன். திரும்பினேன். அவர்களை நோக்கி நடக்கவும் ஆரம்பித்துவிட்டேன். இரண்டடிகூட வைத்திருக்க மாட்டேன், படகு தூக்கிப் போட்டது. விழுந்தது. மறுபடி தூக்கியது. குறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு தலையை நிமிர்த்தினேன்.

இன்ஜின் கைப்பிடி சுலோச்சனாவின் இடது கையில் இருந்தது. முந்தானையை இடுப்பில் செருகி, கண்ணைச் சுருக்கி, தூரத்துத் திட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். எத்திராஜ் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"முன்னால போய் உட்காருங்க!" என்று கத்தினாள். "நீங்க பின்னால வந்தா குதிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தவழ்ந்து திரும்பிப் போய் உட்கார்ந்தேன். படகு அடங்கியது.

கரை நெருங்கும்போது, "இப்ப வாங்க, பின்னால வாங்க!" என்று கூப்பிட்டாள். போனேன். மூக்கு லேசாகிச் சேற்றில் வழுக்கி ஏறி நின்றது.

மேகலாவைப் பாயோடு தூக்கி நடுவில் கிடத்தினோம். பாப்பம்மா ஏறும்போதே என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பும்போது எத்திராஜ் ஓட்டினார், நான் மறுபடி அணியத்தில். சுலோச்சனா மேகலாவின் தலையை மடியில் வைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். படகு முழு வேகத்தில் போனது. பாதி வழியில் பாப்பம்மா என் சட்டையை விட்டாள்.

"இன்னாடா இது, போட்டு போவுதா நிக்குதா?"

"போகிறது அம்மா. கரை வருகிறது பாருங்கள்."

துறையிலிருந்து ஆம்புலன்ஸ், அங்கிருந்து நேரே அறுவைக் கூடம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார் டாக்டர். பெண் குழந்தை. எடை குறைவு. அழுதது. மேகலாவும் கண் திறந்தாள்.

வராந்தாவில் டீ வாங்கி வந்தேன். சுலோச்சனா இரண்டு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "சித்திரையில ஒரு நாள் ஏரி நடுவுல எத்திராஜ் மயங்கி விழுந்துட்டாரு. வெயில். அவரை நான் தேத்திட்டேன். படகை என்னால ஒண்ணும் பண்ண முடியல. யாராவது வலைக்காரங்க வர்ற வரைக்கும் மிதந்துக்கிட்டே கிடந்தோம். அதுக்கப்புறம்தான் ஓட்டக் கத்துக் குடுங்கன்னு கேட்டேன்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை? போக வேண்டாம் என்று தடுத்துவிடுவேன் என்றா?"

"இல்லங்க." டம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "சொன்னா நீங்க கத்துக் குடுக்க ஆரம்பிச்சுடுவீங்க."

என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவரு ஒண்ணுமே சொல்லல. கைப்பிடிய என் கையில குடுத்துட்டு சும்மா உட்கார்ந்துட்டாரு. நான் ரெண்டு தடவை வலைக்கம்புல மோதினேன். அப்பவும் சும்மாதான் இருந்தாரு."

ஜூலை 19, சனி

வீட்டில் ஒட்டடை அடித்தேன்.

எத்திராஜின் பல்லைப் பற்றி இப்போது எனக்கு ஒன்றும் இல்லை. அவர் அழகைப் பற்றியும் இல்லை. ஆனால் நேற்று இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. என் மனைவிக்கு ஒருவர் பாடம் நடத்தியிருக்கிறார். ஓர் உதாரணம்கூடச் சொல்லாமல். அவள் கற்றும் கொண்டுவிட்டாள்.

முன்பு இருந்த பொறாமையைத் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

ஜூலை 23, புதன்

டாக்டரிடம் சொல்லி, இனி புதனும் சனியும் நான் அணியத்தில் போவதற்கு அனுமதி வாங்கிவிட்டாள் சுலோச்சனா. ஆள் என்று எழுதுவதா உதவியாளர் என்று எழுதுவதா என்று கேட்டாராம். எடை என்று எழுதச் சொன்னாளாம்.

குழந்தையையும் மேகலாவையும் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாப்பம்மா, "போட்டு வாத்தியாரு" என்று என்னைப் பக்கத்துப் படுக்கைக்காரிக்குக் காட்டினாள்.

இன்று போக, வர, முழு வேகம். போகும்போது பாதி ஏரியில் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரின் சிரிப்பும். பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே திட்டையே பார்த்தேன். எழவில்லை. படகும் குதிக்கவில்லை.

இரவு சாப்பிடும்போது, எதற்குச் சிரித்தீர்கள் என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"உங்க முதுகைப் பாத்துத்தான். திரும்ப மாட்டேன், திரும்ப மாட்டேன்னு சொல்லிக்கிட்டே வருது."

"திரும்பவில்லைதானே?"

"திரும்பல." ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். "எத்திராஜ்கூட சொன்னாரு, பாவம் வாத்தியாரு, நல்லா கத்துக்கிட்டாருன்னு."

அதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.